அவர் கேட்கவே இல்லை

சுமாலி மருந்தியல் படிக்கப் போனதே ஓர் ஆளைக் கவிழ்க்கத்தான். நேர்முகத் தேர்வில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோது, மக்களுக்குச் சேவை, அது இது என்று எல்லாரையும் போலத்தான் சொன்னாள். மனசுக்குள் ஓடிய பெயர் விச்சியன்.

விச்சியன் லப்லே என்ற ஊரின் சந்தைத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். சீன வம்சம் என்பதால் ஊரே அவரை 'ஹியா' என்று அழைக்கும். அண்ணன் என்று அர்த்தம். முறையாகப் படித்த மருந்தாளுநர். பட்டத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பார். அவருடைய கைவேகம் பேர்போனது. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் மாத்திரை பைக்குள் விழுந்திருக்கும். "ஹியா கடைக்குப் போனா அடுப்புல வச்ச சோறு வேகறதுக்குள்ள திரும்பிடலாம்" என்று சந்தைப் பெண்கள் மெச்சிக்கொள்வார்கள்.

சுமாலியின் அக்கா பிகுன், பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அதிர்ந்து பேசாத பெண். இருபத்துநான்கு வயதில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹியா கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். அவள் முணுமுணுத்ததைக் கேட்டுக்கொண்டே ஹியா அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். மாத்திரையைப் பையில் போட்டபடியே, தலையைத் தூக்காமல், "மருந்து ஒத்துக்காம எதுவும் வந்ததில்லையே? இல்லல்ல?" என்றார்.

"இல்ல ஹியா" என்றாள் பிகுன்.

ஆனால் வந்திருந்தது. பதிமூன்று வயதில் ஒரு சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய், ஆஸ்பத்திரியில் இந்த மருந்து ஆகாது என்று ஒரு மஞ்சள் அட்டை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அட்டை வீட்டில் துணிப்பெட்டிக்குள் கிடந்தது. ஹியா கொடுத்ததும் சல்ஃபாதான். ஐந்தாம் நாள் அவள் உதடு வெடித்தது. ஏழாம் நாள் முதுகுத்தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்தாள். கண் பிழைக்கவில்லை. ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். மற்றதில் அதுவும் இல்லை.

அப்போது சுமாலிக்குப் பதினாறு வயது. அக்காவின் தோல் உரிந்த கைக்கு ஈரத்துணி சுற்றிவிட்டவள் அவள்தான்.

விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் ஹியா அமைதியாகச் சொன்னார்: "நான் கேட்டேன். அந்தப் பொண்ணு இல்லைன்னுச்சு. வாயத் தொறந்து சொல்லாதத நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?" பிகுனைக் கேட்டார்கள். கட்டுப்போட்ட முகத்தோடு அவளும் ஒப்புக்கொண்டாள்: "ஆமா, கேட்டாரு. நான்தான் இல்லைன்னேன்." நோயாளி முந்தைய ஒவ்வாமையை மறைத்தார் என்று அறிக்கை எழுதினார்கள். அத்தோடு கோப்பு மூடியது.

ஊரும் அதையே பேசியது. பாவம்தான், ஆனாலும் அசட்டுப் பெண் என்றார்கள். அதைவிடக் கொடுமை, பிகுனே அதை நம்பினாள். "நாக்கு என்னோடதுதான சுமா, அவரச் சொல்லி என்ன பண்றது" என்பாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி புத்தர் முன் மண்டியிட்டுத் தன் நாக்குக்காக மன்னிப்புக் கேட்பாள். சுமாலி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் வேண்டிக்கொண்டது வேறு.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் ஒரு பாடம் நடந்தது. நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்பது பாடம். பேராசிரியை முன்வரிசையில் இருந்த ஒரு பையனைப் பார்த்து, "உனக்கு மருந்து அலர்ஜி ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இல்ல மேடம்."

"நான் இப்ப என்ன கேட்டேன்?"

"அலர்ஜி இருக்கான்னு."

"இல்லப்பா. 'இல்ல'ன்னு சொல்லிட்டு எடத்தக் காலி பண்ணுன்னு கேட்டேன். பதில நானே உன் கையில குடுத்தேன், நீ மரியாதையா திருப்பிக் குடுத்துட்ட. உன்னப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியல."

வகுப்பு சிரித்தது. சுமாலியின் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு மேசையில் குத்தி நின்றது. எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். இத்தனை வருஷமாக விச்சியன் அவசரக்காரர், அலட்சியக்காரர் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் செய்த குற்றம் இன்னதென்று இப்போதுதான் கையில் சிக்கியது. அவர் கேட்கவே இல்லை. கேட்ட மாதிரி நடித்து, பழியை அக்காவின் நாக்கில் தடவிவிட்டுப் போயிருக்கிறார்.

அதன்பிறகு அந்தப் பாடத்தை அவள் படித்த மாதிரி யாரும் படிக்கவில்லை. அரிவாள் தீட்டுகிறவனைப் போலப் படித்தாள்.

இருபத்தாறு வயதில் ஊருக்குத் திரும்பி, விச்சியன் கடைக்கு நேர் எதிரே கடை போட்டாள். திறந்த அன்று ஹியா ஒரு தட்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"வாம்மா, வா. ஊர்ல நோவுக்கா பஞ்சம்? நம்ம ரெண்டு பேருக்கும் ஆள் உண்டு. நீ யாரு பொண்ணு?"

"பிகுனோட தங்கச்சி."

ஹியா நெற்றியைச் சுருக்கினார். "எந்த பிகுன்?"

சுமாலி கும்பிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். அவர் தெருவைக் கடந்ததும் பழங்களைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் பக்கத்து வீட்டுப் பன்றிக்குப் போட்டாள்.

முதல் வருஷம் கடையில் ஈ ஓட்டினாள். ஒரு தலைவலி மாத்திரைக்கு ஏழு கேள்வி கேட்கிறாள் என்று ஊர் நக்கலடித்தது. "சந்தையில புதுசா போலீஸ் ஸ்டேஷன் தொறந்திருக்காங்க, பாத்தியா?" என்று மீன்காரி சோம்புன் தெருவே கேட்கும்படி கத்துவாள். "வயித்துப் போக்குன்னு போனேன், ஜாதகத்தையே கேக்குறா!" எதிர்க்கடையில் ஹியா காதில் விழாத மாதிரி புன்னகைப்பார்.

துரியன் பழத் தோட்டக்காரர் சலுவாய் வந்த நாளில் காற்று திசை மாறியது.

"முட்டிவலிக்கு மாத்திரை குடும்மா."

"யாருக்கு மாமா?"

"எனக்குத்தான். பின்ன, என் எருமைக்கா?"

"வலி எப்படி ஆரம்பிச்சுது?"

"மாத்திரை கேட்டா கதை கேக்குறியே."

சுமாலி மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். நாம் சும்மா இருந்தால் எதிராளி தானாகப் பேசுவான் என்பது அவளுக்குத் தெரியும். ஹியாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"அது... போன மழைக்கு மரத்துலேருந்து எறங்கறப்ப சறுக்கிட்டேன்" என்றார் சலுவாய்.

"வலிக்கு இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

"ஹியா நாலஞ்சு வலி மாத்திரை சேத்து கலவைப் பொட்டலம் குடுத்தாரு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு மாசமாச்சு. நல்லாத்தான் கேக்குது."

"அதச் சாப்பிட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் உடம்புல வேற என்ன மாறியிருக்கு மாமா?"

சலுவாய் திரும்பிப் பார்த்தார். சோம்புன் மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சுமாலி மேசையைச் சுற்றி வந்து, உள்பக்கம் கிடந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தானும் குனிந்துகொண்டாள். அவர் கிசுகிசுத்தார்: "வெளிக்கிருந்தா தார் மாதிரி கறுப்பாப் போவுது. நாலு நாளா. நாலு பேர் நிக்கிற எடத்துல இத எப்படிச் சொல்றது?"

வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிகிறது. சுமாலி அங்கேயே கடிதம் எழுதி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு வாரம் தாமதித்திருந்தால் ஆள் இருந்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதைச் சலுவாயே சந்தையில் ஒவ்வொரு கடையாக நின்று சொன்னார். அதன்பிறகு கூட்டம் மெல்ல இந்தப் பக்கம் தெருவைக் கடந்தது. கேள்விக்குப் பழகிக்கொண்டது.

சுமாலிக்கு அது போதவில்லை. மருந்து கொடுத்து முடித்தபின் ஒவ்வொருவரிடமும் இன்னொன்று கேட்பாள்: "எதிர்க்கடையில மருந்து வாங்கினப்ப உங்கள என்ன கேட்டாரு? அவர் வாயில வந்த வார்த்தையாவே சொல்லுங்க." சொன்னதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். பக்கம் பக்கமாக ஒரே வரி வந்தது. 'எதுவும் வந்ததில்லையே? இல்லல்ல?' சாயங்காலம் கடையைச் சாத்தும்போது அந்த நோட்டைப் புரட்டுவதில் அவளுக்கு ஒரு ருசி கண்டுவிட்டது.

அந்த ருசி அவளை ஒருநாள் காட்டிக்கொடுத்தது. பிரயுன் என்ற லாரிக்காரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் மனைவி மாலாய் உள்ளே வந்தாள். உதடு வீங்கியிருந்தது, கழுத்தில் தடிப்பு. "ஹியா கடையில இப்பத்தான் ஊசி மாத்திரைன்னு வாங்கிப் போட்டாரு" என்றாள். ஹியா என்ற சொல் காதில் விழுந்ததும் சுமாலியின் கை மருந்துக்குப் போகவில்லை, நோட்டுக்குப் போனது.

"குடுக்கறப்ப என்ன கேட்டாரு அவரு? சரியா சொல்லுங்க..."

"அடிப் பாவி!" என்று அலறினாள் மாலாய். "மனுசன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டிருக்கான், நீ எழுதிக்கிட்டிருக்க! உனக்கும் அந்தாளுக்கும் என்னடி வித்தியாசம்?"

சுமாலி நோட்டைக் கீழே போட்டுவிட்டு, தெருவில் நின்ற வண்டியை மறித்து அவனை ஏற்றி, கூடவே ஓடினாள். பிரயுன் பிழைத்தான். மாலாய் பிறகு மன்னித்தாள். சுமாலி தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. ஆனால் நோட்டையும் விடவில்லை. அன்று முதல் அதை மேசையிலிருந்து எடுத்துப் பின்னறையில் வைத்தாள். நோயாளி குணமாகிக் காலாற வந்து நிற்கும்போதுதான் அதைத் திறப்பாள். கடை திறந்த மூன்றாம் வருஷம் ஐம்பத்தெட்டுக் கையெழுத்து சேர்ந்ததும் மாகாணச் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். அக்காவின் பழைய கோப்பையும் மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்டாள்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை. மூன்று பேர் குழு; தலைமை ஒரபின் என்ற நரைத்த தலை அம்மாள். ஹியா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. சுமாலியின் நோட்டைக் குழு படித்து முடித்ததும் அவர் கைகூப்பி எழுந்தார்.

"அம்மா, இந்தப் பொண்ணுக்கு நான் நன்றி சொல்லணும். நான் கேக்கறதே இல்லைங்கறதுதான புகார்? ஐம்பத்தெட்டு பேரும் 'இல்லையேன்னு ஹியா கேட்டாரு'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. என் பக்கத்துக்குச் சாட்சி நானே தேடியிருந்தாக்கூட இவ்வளவு கெடச்சிருக்காது!"

குழுவில் ஒருவர் சிரித்தேவிட்டார். சுமாலிக்கு, தான் மூன்று வருஷமாகத் தீட்டிய கட்டாரியை அவர் பிடியைப் பிடித்து வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டது போலிருந்தது.

"நான் அவர ரெண்டு வார்த்தை கேக்கலாமா?" என்றாள்.

ஒரபின் தலையசைத்தார். சுமாலி எழுந்து தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள், கிளம்புகிறவள் போல. அடுக்கிக்கொண்டே, நிமிராமல், சிரித்த முகமாக, "ஹியா, உடம்பெல்லாம் நல்லாத்தான இருக்கு? தொந்தரவு ஒண்ணும் இல்லையே? மருந்து எதுவும் ஒத்துக்காம போனதில்லையே? இல்லல்ல?" என்றாள்.

"இல்லம்மா. நல்லா இருக்கேன்."

"எழுதிக்கோங்க" என்றாள் சுமாலி எழுத்தரிடம். பிறகு காகிதங்களை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கடைசியா எதுக்காக டாக்டர்கிட்ட போனீங்க ஹியா?"

அவர் குழுவைப் பார்த்தார். சுமாலி காத்திருந்தாள்.

"சர்க்கரைக்கு."

"அப்புறம்?"

"பிரஷர் இருக்கு. கொஞ்சம் சிறுநீரகம்."

"தெனமும் என்னென்ன மாத்திரை போடுறீங்க?"

அவர் விரல் விட்டு ஐந்து எண்ணினார்.

"எந்த மருந்து சாப்பிட்டப்ப உடம்பு என்ன பண்ணுச்சு?"

ஹியா முகத்தைத் தடவிக்கொண்டார். "வலி மாத்திரை ஒண்ணு" என்றார் ஹியா. "அப்ப நாப்பது வயசு. முகமெல்லாம் வீங்கி, கண்ணு ரெண்டும்..." அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரபின் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி இல்லைன்னீங்களே?"

"அவ கேட்ட தினுசு அப்படி" என்று சீறினார் ஹியா. "இல்லையேன்னு கேட்டா இல்லைன்னுதான வாயில வரும்! எவனா இருந்தாலும்..."

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். சுமாலி எழுந்து நின்றாள். நாக்கில் அப்படியொரு தித்திப்பு.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. ஆறு மாதம் உரிமம் நிறுத்தம், அதற்குள் மறுபயிற்சி. பழைய கோப்பில் ஒரு வரியை அடித்துத் திருத்தியிருந்தார்கள். சுமாலி அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். பிகுன் அப்போது மசாஜ் நிலையத்தில் வேலை பார்த்தாள்; கையில் எண்ணெய் வாசனையோடு உட்கார்ந்திருந்தாள். "'நோயாளி எதையும் மறைக்கவில்லை. அவரிடம் முறையாகக் கேட்கப்படவில்லை.'"

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லலையா?"

"இல்லக்கா."

பிகுன் அழுவாள் என்று சுமாலி எதிர்பார்த்தாள். பிகுனுடைய தாடை இறுகியது. "பதிமூணு வருஷம் மண்டி போட்டேன்டி. முட்டி காய்ச்சுப் போச்சு. எனக்காக அந்தாளு ஒரு நாளாவது மண்டி போட்டிருப்பானா? செருப்ப எடு. போலாம்."

அதிர்ந்து பேசி அறியாதவள் அப்படிச் சொன்னதும் சுமாலிக்கே திக்கென்றது.

காலைச் சந்தை நிறைந்து கிடந்த நேரம். ஹியா கடையில் பாதிக்கதவு திறந்திருந்தது. சரக்கைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். பிகுன் மேசையைத் தடவி நின்றாள்.

"யாரும்மா?"

"பிகுன். சீருடை தைச்சவ. எந்த பிகுன்னு கேட்டீங்களாமே?"

சோம்புன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தெரு கூடிவிட்டது.

"அன்னிக்கு என் பின்னாடி நாலு பேர் நின்னாங்க ஹியா. அதுல ரெண்டு பேர் என்கூடப் படிச்ச பசங்க. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு உங்ககிட்ட சொல்லவே எனக்கு உசுரு போச்சு. நீங்க இல்லையேன்னீங்க, நான் இல்லைன்னுட்டு ஓடி வந்துட்டேன். இப்ப சொல்லுங்க. என்னைக் கேட்டீங்களா?"

"அதான் உத்தரவு வந்துடுச்சே, அதுல..."

"உத்தரவ என் தங்கச்சி பாத்துக்குவா. நீங்க சொல்லுங்க."

"கேக்கல."

"எனக்குக் காது நல்லா கேக்குது. தெருவுல நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

ஹியாவின் முகம் வெளுத்தது. "நான் கேக்கவே இல்ல!" என்று கத்தினார். பிறகு இரண்டு கையையும் நெற்றி வரைக்கும் தூக்கிக் கும்பிட்டபடி நின்றார்.

"அக்கா, கும்பிடுறாரு" என்றாள் சுமாலி மெதுவாக.

"அப்படியா?" என்றாள் பிகுன். "எனக்குத் தெரியலையே ஹியா." திரும்பி நடந்தாள்.

ஹியா கடையை மறுபடி திறக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்தது. எதிரே அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சுமாலிக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். வயிறு நிறைந்துவிடும் என்று நினைத்திருந்தாள்; பந்தியில் பாதியில் இலையை எடுத்த மாதிரி இருந்தது. நோட்டில் எழுத ஒன்றுமில்லை. கேள்வி கேட்பதை மட்டும் விடவில்லை, அது கையோடு வந்துவிட்டது. ஒரு நாளில் எண்பது பேர் வருவார்கள். எண்பது பேரையும் உட்கார வைத்துக் கேட்பாள்.

மூன்று வருஷம் கழித்து விச்சியன் தன் மகள் வீட்டில் இறந்துபோனார். தகனத்துக்கு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். "நான் போகணும்" என்றாள் பிகுன். சுமாலி மறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் கோயில் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, தான் வண்டியைவிட்டு இறங்காமல் மரத்தடியில் நின்றாள். மாலை நாலு மணி வெயில். சோம்புன் பிகுனின் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொருவராக, இறந்தவருக்கு வைக்கும் சந்தனப்பூவைச் சிதையடியில் வைத்துவிட்டு இறங்கினார்கள்.

பிகுன் திரும்பி வந்து வண்டியில் ஏறினாள்.

"மன்னிச்சிட்டியாக்கும்" என்றாள் சுமாலி கசப்பாக.

"நானா? ஆள் பெட்டிக்குள்ளதான் இருக்கானான்னு விசாரிக்கப் போனேன். இருக்கானாம். சோம்புன் பாத்துச் சொன்னா."

"பூ வச்சியா?"

பிகுன் கையை விரித்துக் காட்டினாள். சந்தனப்பூ கசங்கி உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

சுமாலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோயில் வாசல் என்றும் பாராமல் சிரித்தாள். பின்னால் உட்கார்ந்து அக்காவும் குலுங்கினாள். பாலத்தைக் கடக்கும்போது பிகுன் கையை நீட்டி அந்தப் பூவை ஓடைப்பக்கமாக விட்டெறிந்தாள்.

"பசிக்குதுடி" என்றாள். "நூடுல்ஸ் கடை தொறந்திருக்குமா பாரு. எனக்கு ரெண்டு கிண்ணம்."